நிற்பதற்கு ஓர் இடம்

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசியிருக்கிறீர்களா? பேசியிருந்தால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். நல்ல சமையற்காரர் வந்ததும், "எத்தனை இலை?" என்று கேட்பார். அதற்கு அடுத்த கேள்வி, "என்ன பாயசம்?" என்பதல்ல. "இடத்தைக் காட்டுங்கள்" என்பார்.

கொல்லைப்புறத்துக்குப் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்ப்பார். கோட்டையடுப்பு இந்த மூலையில். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது. ஆகவே புகை பந்திக்குப் போகாது. காய் நறுக்குகிறவர்கள் தாழ்வாரத்தில். கொதிக்கிற சாம்பார் அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருகிற வழியில் ஒருவரும் உட்காரக் கூடாது. எச்சில் இலை போகிற வழி வேறு, பரிமாறுகிறவர்கள் வருகிற வழி வேறு. இவ்வளவையும் மனத்துக்குள் படம் போட்டுக்கொண்ட பிறகுதான், "எட்டுப் பேர் போதும். பத்துப் பேர் வந்தால் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொள்வார்கள்" என்பார்.

அவருக்கு இருக்கிற அந்தப் புத்தி, காலேஜில் படித்துப் பட்டம் வாங்கிப் பத்திரிகையில் உத்தியோகமும் பார்க்கிற எனக்கு இல்லாமல் போயிற்று. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். பெருமைப்படுகிற கதை அல்ல.

* * *

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் எழுப்பினோம். ஐப்பசி மழையில் வேலை பின்தங்கிவிட்டது. தை மாதத்துக்குள் பால் காய்ச்சியாக வேண்டும். தை தவறினால் மாசியும் பங்குனியும் ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அப்புறம் சித்திரைதான். அதற்குள் கடனுக்கு வட்டி ஏறும். குடிவருவதாகச் சொன்னவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வார்கள். உறவுக்காரர்கள் வேறு, "இன்னுமா முடியவில்லை?" என்று போன் செய்து விசாரித்த வண்ணம் இருந்தார்கள்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு, "ஆள் கூடப் போடுங்கள்" என்றேன்.

"போடலாம் அம்மா. ஆனா..." என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை. தைக்குள் முடிய வேண்டும்" என்றேன்.

சின்ன வகுப்பில் நான் கணக்கில் கெட்டிக்காரி. 'ஐந்து ஆட்கள் ஒரு சுவரைப் பத்து நாளில் கட்டுகிறார்கள். பத்து ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்?' என்ற கணக்கு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஐந்து நாள் என்று எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். ஆனால் ஒரு சங்கதியை அந்தப் புஸ்தகமும் கேட்கவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை: அந்தப் பத்துப் பேரும் எங்கே நிற்பார்கள்?

மறுநாள் காலையில் வீடு திருவிழாக் கோலம் பூண்டது. அறைக்குள்ளே பூச்சு வேலை. அதே அறையில் எலெக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருக்கிறார். குழாய் வேலைக்காரர் மாடிப்படி முழுவதும் குழாய்களைப் பரப்பியிருக்கிறார். மொட்டை மாடியில் இரண்டு கொத்தனார்கள் கைப்பிடிச் சுவர் எழுப்புகிறார்கள். முன்வாசலில் மணலும் ஜல்லியும் குவிந்து கிடந்ததால், கலவை போடுவதற்கு மிஞ்சியது வீட்டின் பக்கவாட்டிலுள்ள நாலடிச் சந்துதான். கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே.

மூன்றாம் நாள் மத்தியானம் மேலேயிருந்து ஒரு செங்கல் விழுந்தது. கலவையை வாரிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்த சித்தாளின் தோளில் பட்டது. ஒரு சாண் இந்தப் பக்கமாக விழுந்திருந்தால் தலை. காறை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் கை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்தியச் செலவையும், அவள் வேலைக்கு வராத நாட்களின் கூலியையும் நாங்கள் கொடுத்தோம். அதனால் என் மனசு சமாதானம் ஆகிவிடவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில், கையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். "தப்பு என்மேலதாம்மா. நான் அங்கே நின்னிருக்கக் கூடாது."

அங்கே நிற்காமல் வேறு எங்கே நின்றிருப்பாள்? கலவை அங்கேதானே இருந்தது!

அன்று இரவு என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அவ நின்னது தப்புன்னா, அவளை அங்கே நிக்க வச்சது யாரு?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் தளிர் வெற்றிலையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

* * *

என் தம்பி ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் எஞ்சினீயர். லீவில் வந்தவன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, இதற்கு எங்கள் தொழிலில் பெயரே இருக்கிறது. வேலையிட மோதல் என்போம்" என்றான். லாப்டாப்பைத் திறந்தான்.

திரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்பத் தொடங்கியது. அடியில் தேதிகள் ஓடுகின்றன. தேதி நகர நகர அஸ்திவாரம், தூண், தளம் என்று முளைக்கின்றன. நாம் காகிதத்தில் பார்க்கும் பிளானைப் போல அல்ல. கட்டடத்தையே முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவை கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு கதவும் குழாயும், தான் என்ன பொருள், என்ன அளவு, எந்த அறையைச் சேர்ந்தது என்று கேட்டால் சொல்லும். இந்த யோசனை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் என்ற பேராசிரியர் 1975-லேயே, வரைபடங்களுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் கட்டடத்தையே விவரித்து வைக்கலாம் என்று எழுதினார். இப்போது இதைக் 'கட்டடத் தகவல் மாதிரி' என்கிறார்கள். எஞ்சினீயர்கள் சுருக்கமாக 'பிம்' என்பார்கள். நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு காலத்தையும் சேர்த்தால் அது நாலாவது பரிமாணம். எந்தத் தேதியில் எந்தத் தூண் நிற்கும் என்பது தெரிந்துவிடும்.

"சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் சுவர் இருக்கிறது, சுவர் கட்டுகிறவனைக் காணோமே?" என்று கேட்டேன்.

"அதைக் கேட்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது, அக்கா" என்றான் தம்பி.

பல மாடிக் கட்டடங்களில் வேலைக்காரர்களும் சாமான்களும் இடத்தை எப்படி எப்படி ஆக்கிரமிக்கிறார்கள் என்று டேவிட் ரைலி, விக்டர் சான்விடோ என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1995-ல் வகைப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் புர்சு அகிஞ்சி என்ற பெண்மணி, மார்ட்டின் ஃபிஷர் முதலியோருடன் சேர்ந்து அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் படத்தில் குறிக்கும் முறையை இவர்கள் 2002-ல் வெளியிட்டார்கள்.

சங்கதி இதுதான். ஒரு சுவர் இருக்கிற இடம் ஒன்று. அந்தச் சுவரைக் கட்டுவதற்கு வேண்டிய இடம் வேறொன்று. கொத்தனார் நிற்க, கையை வீச, திரும்ப ஓர் இடம். சாரத்துக்கு ஓர் இடம். இயந்திரம் இருந்தால் அது சுற்றுவதற்கு இடம். செங்கல்லும் சிமெண்டும் அடுக்கி வைக்க இடம். அவற்றைத் தூக்கி வர வழி. இன்னும் இரண்டு உண்டு. அவைதாம் நம் கண்ணுக்குப் படாதவை. ஒன்று, அபாய இடம்: மேலே வேலை நடக்கும்போது அதன் கீழே ஏதாவது விழக்கூடிய பகுதி. மற்றொன்று, காப்பாற்ற வேண்டிய இடம்: நேற்றுத்தான் போட்ட தளம், இன்றைக்குப் பூசின சுவர். அவற்றின் மேல் யாரும் மிதிக்கவோ இடிக்கவோ கூடாது.

இவற்றையெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளைப் போலப் படத்துக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. அப்புறம் நாட்களை ஒவ்வொன்றாக ஓட்டுவார்கள். ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் அங்கே மோதல். எல்லா மோதலும் ஒரே ரகம் அல்ல. ஆட்கள் நிற்கும் பெட்டியும் ஆட்கள் நிற்கும் பெட்டியும் மோதினால் நெரிசல், வேலை மெதுவாகும். ஆட்கள் பெட்டி, காப்பாற்ற வேண்டிய பெட்டிக்குள் புகுந்தால் பொருள் நாசம். ஆட்கள் பெட்டியும் அபாயப் பெட்டியும் மோதினால்? அதுதான் எங்கள் வீட்டுச் சந்து.

மோதல் தெரிந்துவிட்டால் பரிகாரம் பெரும்பாலும் சுலபமானது. ஒரு வேலையை இரண்டு நாள் தள்ளிப் போடலாம். வடக்கிலிருந்து தொடங்குவதைத் தெற்கிலிருந்து தொடங்கலாம். சாமான் குவியலை வேறு பக்கம் வைக்கலாம். ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம். காகிதத்தில் இது ஏன் முடியாது என்றால், கட்டடம் ஒரு விசித்திரமான சமையலறை. நம் வீட்டு அடுப்பு இருந்த இடத்தில் இருக்கும். அங்கேயோ சமைக்கச் சமையச் சுவர்கள் வளர்கின்றன! நேற்றுச் சாமான் வைத்த திறந்தவெளி இன்றைக்கு ஓர் அறை. நேற்று நடந்த வழி இன்றைக்கு மூடியாயிற்று. நூற்றுக்கணக்கான வேலைகள் இருக்கிற பெரிய கட்டடத்தில், எந்த நாளில் எந்த இடம் காலி என்பதை ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்வது சிரமம்.

* * *

சிரமந்தானே தவிர, முடியவே முடியாதது அல்ல. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 1930-லும் 1931-லும் கட்டினார்கள். 102 மாடி. சுற்றிலும் நெரிசலான தெருக்கள். சாமான் இறக்கி வைக்க ஒரு முழம் காலி மனை கிடையாது. செங்கல் மட்டும் சுமார் ஒரு கோடி! லாரியிலிருந்து செங்கல்லைச் சரிவுக் குழாய் வழியாக நிலவறைக்குக் கொட்டினார்கள். அங்கிருந்து சிறு வண்டிகளில் நிரப்பி மேலே ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் தற்காலிகமாகக் குட்டி ரயில் தண்டவாளம் போட்டு, வேலை நடக்கிற இடத்துக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தொழிலாளிகள் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வழியை அடைக்க வேண்டாமென்று, கட்டிக்கொண்டிருந்த மாடிகளிலேயே சிற்றுண்டிச் சாலைகள் வைத்தார்கள். ஏறக்குறைய பதின்மூன்று மாதத்தில் வேலை முடிந்து, 1931 மே 1 அன்று திறந்தாயிற்று. கம்ப்யூட்டர் இல்லை. யோசனை இருந்தது.

இதைவிட நம் மனசுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் 1885-ல் கொத்தனாரிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்குக் கொத்தனார் 18 அசைவுகள் செய்கிறார் என்று எண்ணினார். ஒவ்வொரு கல்லுக்கும் ஆள் கீழே குனிகிறானே, கல் ஏன் மேலே வரக்கூடாது? கொத்தனாரின் கை மட்டத்துக்கே கல்லும் சாந்தும் இருக்கும்படி உயர்த்தித் தாழ்த்தும் சாரம் செய்தார். 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்தது என்று 1911-ல் ஃபிரெடரிக் டெய்லர் எழுதியிருக்கிறார்.

கில்பிரெத் 1924-ல் திடீரென்று காலமானார். அவர் மனைவி லில்லியன், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர், மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெண் என்பதால் தொழிற்சாலைகள் அவரைச் சுலபத்தில் கூப்பிடவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? கொத்தனாருக்காகக் கணவர் கண்டுபிடித்த வித்தையை சமையலறைக்குக் கொண்டுவந்தார்! 1929-ல் புரூக்ளினில் ஒரு காஸ் கம்பெனிக்காக அவர் அமைத்துக் காட்டிய சமையலறையில், ஒரு கேக் பண்ணுவதற்கு 281 எட்டு நடந்த இடத்தில் 45 எட்டு நடந்தால் போதுமானதாயிற்று. 1965-ல் அமெரிக்காவின் தேசிய எஞ்சினீயரிங் அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி அவர்தான். அடுப்புக்கும் தொட்டிக்கும் மேடைக்கும் நடுவே நாம் இன்றைக்குச் சௌகரியமாகத் திரும்புகிறோமே, அதற்குப் பின்னால் ஒரு கொத்தனாரின் குனிந்த முதுகு இருக்கிறது. அதை மறக்கக் கூடாது.

* * *

தம்பி மறுநாள் ஒரு காரியம் செய்தான். டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டை அளந்தான். மத்தியானத்துக்குள் எங்கள் வீடு லாப்டாப்புக்குள் நின்றது. அந்த வாரத்தில் யார் யார் எங்கே வேலை செய்தார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுக் கேட்டுப் பெட்டிகளை வைத்தான். பூச்சு வேலை மஞ்சள். குழாய் வேலை நீலம். மேலே கைப்பிடிச் சுவர். அதிலிருந்து தரை வரைக்கும் ஓர் அபாயப் பெட்டி இறங்கியது. கலவை போடும் இடம் பச்சை.

"இப்போது நாளை ஓட்டுகிறேன், பார்" என்றான்.

முதல் நாளே சந்து முழுவதும் சிவப்பாகிவிட்டது. செங்கல் விழுந்தது மூன்றாம் நாள். ஆனால் முதல் நாளிலிருந்தே அந்தப் படம் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

"இதைத் தவிர்த்திருக்க என்ன செலவாகியிருக்கும்?" என்று கேட்டேன்.

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்து இழுத்தான். உள்பூச்சு முடிந்து கலவைக்குச் சந்து தேவைப்படாத நாளில் கொண்டுபோய் வைத்தான். சிவப்பு மறைந்தது. "ரெண்டு நாள் அக்கா" என்றான்.

இரண்டு நாள். நான் தையைப் பிடிப்பதற்காகக் கொடுக்க மறுத்த இரண்டு நாள்.

மாமியாரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் பெட்டி போட்டியே, அந்தப் பொண்ணோட குழந்தைக்கு எங்கேடா பெட்டி?" என்றார்.

அவளுடைய கைக்குழந்தை, முன்வாசலில் மணல் குவியலுக்குப் பக்கத்தில், வேப்பங்கிளையில் கட்டின தூளியில் தூங்கும். லாரி பின்னால் வருகிற வழி அது. தம்பி பேசாமல் ஒரு பெட்டியை வைத்தான். அது உடனே சிவப்பாயிற்று.

கம்ப்யூட்டருக்கு நாம் சொன்னதுதான் தெரியும். மேஸ்திரி சொல்லாத ஆளை அது கண்டுபிடிக்காது. தேதியை நாம் பொய்யாகக் கொடுத்தால் அதுவும் அழகாகப் பொய் சொல்லும். பெரிய பெரிய கட்டடங்களின் மாதிரிகளில் கிரேனுக்கு இடம் இருக்கும், கம்பிக் கட்டுக்கு இடம் இருக்கும். தூளிக்கு இடம் வேண்டுமென்றால், அதை யாராவது ஒருவர் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நினைத்தவர்கள் இருக்கிறார்கள். 1969-ல் டில்லியில் ஒரு கட்டட வேலையிடத்தில் குழந்தைகள் கிடந்த நிலையைப் பார்த்து, மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்ற ஸ்தாபனம் அப்படித்தான் பிறந்தது. 1996-ம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டமும், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று சொன்னது. எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்கள் மூன்று பேர். அந்தக் கணக்கு எங்களைத் தொடாது. அதனால் எங்கள் வீட்டுத் திண்ணை குறைந்து போய்விடாது அல்லவா?

* * *

உங்களில் பலர் வீடு கட்டுவீர்கள். இல்லாவிட்டால் குளியலறையையாவது இடித்துக் கட்டுவீர்கள். லாப்டாப் வேண்டாம். ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கோணல்மாணலாகப் போட்டுக்கொள்ளுங்கள். தினம் காலையில் மேஸ்திரியோடு அதைப் பார்த்து நாலு கேள்வி கேளுங்கள். இன்றைக்கு யார் யார் எங்கே நிற்கிறார்கள்? அவர்கள் தலைக்கு மேலே என்ன நடக்கிறது? சாமான் எந்த வழியாக வருகிறது? குழந்தைகள் எங்கே? ஒரே இடத்தில் இரண்டு பெயர் விழுந்தால், ஒன்றை நாளைக்குத் தள்ளுங்கள். கூட ஆள் போடச் சொல்லும்போது மேஸ்திரி தலையைச் சொறிந்தால், அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தார் என்று தயவு செய்து கேளுங்கள்.

எங்கள் வீட்டில் தை தவறிப்போயிற்று. சித்திரையில்தான் பால் காய்ச்சினோம். குடிவருவதாகச் சொன்னவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். வட்டி ஏறிற்று. வேறு ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அன்றைக்கு அவளும் குழந்தையோடு வந்திருந்தாள். தோள் ஆறிவிட்டது, ஆனால் மழை நாளில் வலிக்கிறதாம். புது அறையின் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் மாமியார் பாயை விரித்து, "ஏன் அங்கே நிக்கிறே? உள்ளே வந்து உட்காரு" என்றார்.

அவள் சட்டென்று தலையை நிமிர்த்தி மேலே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அப்புறந்தான் உட்கார்ந்தாள்.